ஈரத்துண்டுக்காரர்

கோழிக்கறியில் மஞ்சளைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள் செல்வநாயகி. கை பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருக்க, மனசு மட்டும் அந்த ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. காலையில் சபைக்குக் கிளம்பும்போது மாடிப் பையன் கேட்டுவிட்டுப் போனதுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குழாயடி வரைக்கும் போனவன் திரும்பி வந்து, டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, “அக்கா, ஈரத்துண்டுக்காரர் எந்த மரத்துக்கிட்ட வருவாருங்?” என்றான். அந்த ‘ருங்’கை எங்கே பிடித்தானோ. ஊருக்கு வந்து அஞ்சு நாள்தான் ஆகிறது. பேரு பேட்டர்சன், அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளைகிற ஏதோ ஒரு ஊர், மூக்கு நுனி இப்பவே தக்காளி மாதிரி. மார்மன் சபைக்காரர்கள் அனுப்புகிற ஊழியக்காரப் பையன்கள் ரெண்டு ரெண்டு பேராக மாடி ரூமில் வந்து தங்குவதும், சில மாசத்தில் ஒருத்தன் போய் இன்னொருத்தன் வருவதும் ரெண்டு வருசமாக நடக்கிறது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் பேருக்கு முன்னால் எல்டர். எல்டர் என்றால் பெரியவர் என்று அர்த்தமாம். பத்தொன்பது வயசுப் பெரியவர்! அவங்கம்மா வீடியோவில் வந்தால் மாடிப்படி ஓரமாகப் போய் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிற பெரியவர். டீ குடிக்க மாட்டான், காப்பி குடிக்க மாட்டான், சுக்குக் காப்பியில் காப்பி இல்லை என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் சுக்கே ஆறிப்போகும். “யாருடா தம்பி ஈரத்துண்டுக்காரரு?” என்று கேட்டதற்கு, “மத்தியானம் ஏரிக்கரையில் நடப்பவர். உங்களுக்குத் தெரியும்” என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான். கூட இருக்கிற ராஜமுந்திரிப் பையன் கண்டுலா, “இவனைக் கூட்டிவரப் போனேன்ல, பெங்களூர்ல ரயில் ஏறினதுல இருந்து இதே கதைதான் அக்கா, என் காது போச்சு” என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கூட்டிப்போனான். செல்வநாயகி நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டுத்தான் கோழியைக் கழுவினாள். கழுவி முடிக்கிறபோது சிரிப்பு எங்கேயோ போயிருந்தது, துண்டு மட்டும் மிச்சம் இருந்தது.

ஏனென்றால் ஏரிக்கரை முனிக்கு அந்தத் துண்டைப் போட்டுவிட்டதே அவள்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி, முதன்முதலாக வந்தவர்களில் ஒருத்தன் லார்சன், செம்பட்டைத் தலை, ஒட்டகம் மாதிரி உயரம். இதே மாதிரி கத்திரி வெயில். பன்னெண்டு மணிக்கு, நாய் கூட நிழல் தேடிப் படுத்திருக்கிற நேரத்தில், ஏரிக்கரை மேல் சைக்கிளில் போய் அந்தப்புறத்து ஊரில் கதவைத் தட்டிவிட்டு வருவான். ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டையெல்லாம் சிவப்பாக வாசலில் வந்து நின்றான். வெயில்ல போகாதடா என்றால் சிரிப்பான், எங்களுக்கு நேரப்பட்டியல் உண்டு என்பான், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பான். சொன்னால் கேட்கிற வயசா அது? பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும், கேட்காத பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அதில்லடா தம்பி, உச்சி நேரத்துல அந்தக் கரையில முனி நடக்கும், குறுக்க போனா அடிச்சுப்போடும்” என்றாள். முனி நடக்கும் என்று ஊரில் சொல்வதுதான், அவளாகக் கட்டியது இல்லை. ஆனால் லார்சன் நம்புகிறானா இல்லையா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு, “எப்படி இருக்கும்?” என்று கேட்டானே, அங்கேதான் வாய் தானாகப் போயிற்று. தோளில் ஈரத்துண்டு போட்டிருக்கும், கையில் மூடிபோட்ட தூக்குப்போசி இருக்கும், செருப்பு தேய்ஞ்சு ஒருபக்கமாகச் சாய்ஞ்சு நடக்கும். சொல்லச்சொல்ல அவளுக்கே கண்ணுக்குள் தெரிந்தது. முனிக்கு எதற்குத் தூக்குப்போசி என்று லார்சன் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் மறுநாளிலிருந்து பன்னெண்டிலிருந்து ஒண்ணரை வரைக்கும் மாடியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினான். வந்த வேலை முடிந்தது என்று அவள் அதை அன்றைக்கே மறந்தும் போனாள்.

அவள் மறந்தாள், பையன்கள் மறக்கவில்லை. அவர்கள் எதையுமே கீழே போடுவதில்லை, அதுதான் அதிசயம். ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஊர் சொல்வதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சைக்கிள் கைப்பிடியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறான் ஒருத்தன், டை கட்டிக்கொண்டு அதை மிதித்துக்கொண்டு போகிறான். போகிறேன் என்று ஒருத்தனும் சொல்வதில்லை, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்கிறான். மகள் பொன்மதிக்குட்டிக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறபோது அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எங்களுக்கும் போடுங்க அக்கா, நேத்து சைக்கிள் ரெண்டு தடவை பஞ்சர்” என்று தலையை நீட்டுகிறான். அவள் வீட்டுக்காரர் சண்முகராசு இதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க பெரியவரே, நீங்க எங்கள மாத்த வந்தீங்களா, நாங்க உங்கள மாத்திப்போட்டமா?” என்று கேட்டதற்கு, அந்தப் பையன் யோசித்துப்பார்த்து, “ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்” என்றானே. இதில் ஈரத்துண்டுக்காரர் எப்படிச் சேர்ந்தார் என்பது, கண்டுலா முன்னே ஒருநாள் சொன்ன கதையை நினைத்தபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அவர்கள் புத்தகத்தில் மூணு பேர் வருகிறார்களாம். சாவு வேண்டாம், நீங்கள் திரும்பி வருகிறவரை உலகத்திலேயே இருந்து உழைக்கிறோம் என்று இயேசுவிடம் கேட்டு வரம் வாங்கியவர்களாம். அந்த மூணு பேரும் இன்றைக்கும் எங்கேயோ நடந்துகொண்டே இருக்கிறார்களாம், பனியில் வண்டி நின்றுபோனவனுக்கு வண்டி தள்ளிவிட்டு, பசித்தவன் வீட்டுக் கதவில் ரொட்டியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடுவார்களாம். “இதெல்லாம் சபையில சொல்றதில்ல அக்கா, பசங்க எங்களுக்குள்ள சொல்லிக்கறது” என்றான். லார்சன் இங்கிருந்து ஹைதராபாத் போனான், அங்கே ஒருத்தனிடம் சொல்லியிருப்பான், அவன் பெங்களூரில் நாலு பேரிடம் சொல்லியிருப்பான். அவள் வாயிலிருந்து போன முனி அந்த மூணு பேரில் ஒருத்தராகி, அடிக்கிற கையை இறக்கிவிட்டு, கடல் தாண்டிப் போய், யாரோ ஒரு உருளைக்கிழங்குக்காரரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். துண்டு மட்டும் ஈரம் காயவில்லை. எத்தனை சமுத்திரம், எத்தனை வாய். அத்தனையும் தாண்டி ஒரு துண்டு காயாமல் வருமா?

மணி பன்னெண்டே கால். மசாலா வதங்கட்டும் என்று அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு, காயப்போட்டிருந்த வத்தலைத் திருப்பிவிட மொட்டைமாடிக்குப் போனாள். தரை சுட்டது, குதிகாலிலும் விரல் நுனியிலும் மாறி மாறி நின்றாள். சபை பதினொண்ணுக்கே முடிந்திருக்கும், சைக்கிள் ரெண்டையும் கீழே காணவில்லை, இந்நேரம் வந்து படுத்திருப்பார்களே. ரூம் கதவு காற்றில் ஆடி ஆடிச் சுவரில் அடித்தது. சாத்தலாம் என்று பிடித்தபோது கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். சாக்பீஸ் எழுத்து, ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி, வந்தவன் போனவன் எல்லாம் எழுதிவைத்தது. ஒற்றைத் தும்மல் வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடி. வாசல்படியில் நின்று எதுவும் வாங்காதே. செல்வி அக்கா சொன்னால் உண்மை. இதைப் படித்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ணகரத்துக்கு ஒரு சுழி கூடவோ குறையவோ, பொன்மதி எழுதுகிற மாதிரியே இருந்தது. அதற்குக் கீழே லார்சனின் கொக்குக் கால் எழுத்து: ஏரிக்கரை 12 முதல் 1.30 வரை போகாதே. அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்குக் கீழே, வேறு கையெழுத்தில், புதுச் சாக்பீஸில்: போனால் வருவார். அவள் அதை ரெண்டு தடவை படித்தாள். போகாதே என்று அவள் நட்டுவைத்த முள்வேலியைப் பிடுங்கிப் பாதையாக்கியிருக்கிறார்கள். நம்பாமல் இல்லை, நம்பித்தான். இப்படி நம்புவார்கள் என்று யார் கண்டது? திரும்பி ஏரிப்பக்கம் பார்த்தாள். தண்ணி வற்றி வெடித்துக் கிடந்த ஏரிக்கு மேல் கரை கோடு மாதிரி நீண்டு கிடக்க, அதன்மேல் காற்று நெளிகிற இடத்தில் ரெண்டு வெள்ளைப் புள்ளி. ஒரு புள்ளி நின்றது. இன்னொன்று கீழே உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை. அவள் பத்து எண்ணினாள், பள்ளிக்கூடத்தில் எண்ணுகிற மாதிரி உதட்டை அசைத்து எண்ணினாள். எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் இன்றைக்கு மாசத்து முதல் ஞாயிறு என்பது உறைத்தது. முதல் ஞாயிறு அவர்களுக்கு விரதம். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சோறும் கிடையாது, பச்சைத் தண்ணியும் கிடையாது.

படி இறங்கினது தெரியவில்லை. அடுப்பை அணைத்தாள், அணைத்தாளா, அணைத்தாள். போன் அடித்தால் எடுக்கவில்லை, சபையில் அமத்திப்போட்டது அப்படியே இருக்கும். சண்முகராசு அவிநாசியில் காதுகுத்துக்குப் போயிருக்கிறார், வண்டி அவரோடு போயிற்று. குழம்புக்கு வைத்திருந்த தயிரைச் சொம்போடு எடுத்து, உப்பைப் போட்டு, தண்ணியை விட்டு, கை வேகத்தில் கடைந்து, தூக்குப்போசியில் ஊற்றி மூடினாள். “கோகிலாக்கா, மதியைக் கொஞ்சம் பாருங்க!” என்று பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கு மேலே குழந்தையை நீட்டினாள். “இந்த வெயில்ல நீ எங்கடி?” “மாடிப் பசங்களுக்கு, கரையில.” “கரையிலயா, இப்பவா?” என்று கோகிலா கேட்ட கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. பதினஞ்சு வருசமாகச் செல்வநாயகி உச்சி நேரத்தில் அந்தக் கரையில் காலை வைத்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும். பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவாள். கரை ஏறினதும் சூடு கீழேயிருந்து நைட்டிக்குள் புகுந்து மேலே வந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. வேறு ஏதாவது நினைக்கலாம் என்று வத்தலை நினைத்தாள், மதியின் ஸ்கூல் பையில் அறுந்த ஜிப்பை நினைத்தாள், ஜிப்புக்கு நடுவிலேயே அப்பா வந்துவிட்டார். அப்பாவுக்குக் கரைக்கு அந்தப்பக்கம் தறிக்குடோனில் வேலை. பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, துண்டைத் தொட்டியில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டு, குடோன் ஆட்களுக்கு ஒரு போசி மோர் தூக்கிக்கொண்டு போவார். ஒருபக்கம் தேய்ந்த செருப்பு. வழியில் ஆடு மேய்க்கிறவன், விறகு சுமக்கிறவள், யாராக இருந்தாலும் நிறுத்தி மூடியில் ஊற்றிக் கொடுத்து, “ரண்டு வாய் குடி சாமி, மிச்சத்த நடந்துக்கலாம்” என்பார். அவள் ஏழாவது படிக்கிறபோது ஒரு சித்திரை மத்தியானம், வேலமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார். போனவர் வந்தவரெல்லாம் அசந்து தூங்குகிறார் என்று நினைத்தார்கள். வெயில் அடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்கு மனசில் நிற்பது ஆஸ்பத்திரி இல்லை, அழுகை இல்லை. பக்கத்தில் இருந்த போசியில் பாதி மோர் அப்படியே இருந்தது, அதுதான். கையெட்டும் தூரத்தில் மோர் இருந்தது. குடோன்காரர்களுக்கு என்று வைத்திருந்தாரா? தாகமே தெரியவில்லையா? ஏன் குடிக்கவில்லை, ஏன் குடிக்கவில்லை என்று பதினஞ்சு வருசமாக அந்தப் பாதி மோர் அவளுக்குள் தளும்பிக்கொண்டேதான் இருந்தது. சிந்தாமல் நடந்து பழகியிருந்தாள், அவ்வளவுதான். அதைப் போய் முனியின் கையில் கொடுத்திருக்கிறோமே என்பது நடுக்கரையில், தலை கொதிக்கிறபோது, இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. லார்சனுக்கு அவள் சொன்னது பொய்யும் இல்லை, முனியும் இல்லை. கரையடியில் மிச்சம் கிடந்த சேற்றுக் குட்டையைப் பார்த்ததும் இறங்கி, தோளில் கிடந்த துண்டை முக்கிப் பிழியாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு ஏறினாள். எதற்குச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. வெயிலுக்குச் செய்தாள். ஜில்லென்று முதுகில் தண்ணி இறங்கியது.

கண்டுலா தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். பேட்டர்சன் வேலமரத்தில் சாய்ந்திருந்தான். அதே மரமா பக்கத்து மரமா என்று அவள் பார்க்கவில்லை, பார்க்கப் பயந்தாள். மூஞ்சி செங்கல் நிறம், சொட்டு வேர்வை இல்லை, உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். கோயிலில் திரை விலகும்போது முதல் வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. நெளிகிற காற்றுக்குள்ளிருந்து தோளில் ஈரத்துண்டோடு, கையில் போசியோடு வருகிற ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எழுந்திருடான்னா காத்திருக்கணும்ங்கறான் அக்கா, இவனைத் தனியா விட்டுட்டுப் போகவும் எங்களுக்கு அனுமதி இல்ல” என்று கண்டுலா அழுகிற மாதிரி சொன்னான். செல்வநாயகி துண்டை எடுத்துப் பையன் தலையில் போட்டு அழுத்தினாள். டையை அவிழ்த்து வீசினாள். மூடியில் மோரை ஊற்றி உதட்டில் வைத்தாள். “இன்னிக்கு விரதம்” என்று அவன் முகத்தைத் திருப்பினான். கையெட்டும் தூரத்தில் மோர். திட்டுகிறேன், நாலு அறை விடுகிறேன் என்று என்னென்னவோ வாய்க்கு வர, வாயிலிருந்து வந்தது என்னவோ வேறு. “ரண்டு வாய் குடி சாமி, மிச்சத்த நடந்துக்கலாம்.” தன் குரல்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான். அப்புறம் மூடியைத் தள்ளிவிட்டுப் போசியையே ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தொண்டைக்குழி ஏறி இறங்குவதை அவளும் கண்டுலாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வேர்வை அரும்பியது. அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது, கூடவே கோபமும் வந்தது. “முனியும் இல்ல, உங்க புத்தகத்து மூணு பேரும் இல்ல. நான் சொன்ன ஆளு எங்கப்பாடா. இந்த வெயில்ல இங்கதான் செத்தாரு. போகாதீங்கன்னுதான்டா சொன்னேன், வருவாருன்னு எவன் எழுதினான்?” கத்தினாள். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பதினஞ்சு வருசத்தில் யாரிடமும் இத்தனை சத்தமாகச் சொன்னதில்லை. பேட்டர்சன் துண்டுக்கு அடியிலிருந்து, மெதுவாக, “அப்பா பேரு?” என்றான். “நாச்சிமுத்து.” “நாச்சிமுத்து” என்று அவன் சொல்லிப் பார்த்தான். ஒரு எழுத்துக் கூடத் தவறவில்லை. கண்டுலா சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். “அப்போ அவரே உங்களை அனுப்பியிருக்கிறார்” என்றான் பேட்டர்சன், ரொம்பச் சாதாரணமாக, மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. இல்லைடா, மாடியிலிருந்து பார்த்தேன், வத்தல் திருப்பப் போனேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதற்கு இந்த நேரம் பார்த்து வத்தல், எதற்குக் கதவு ஆடியது, எதற்குச் சேற்றில் துண்டு. “போய் அந்தக் கதவுல கோடு போட்டத அழிச்சு, போகாதேன்னு பெருசா எழுதுற. தெரியுதா?” “சரிங் அக்கா.” “சத்தியமா?” “நாங்க சத்தியம் பண்ணக் கூடாதுங். ஆனா எழுதறேங்.” எழுதுவான். எழுதினாலும் என்ன? அடுத்து வருகிறவன் அதன்மேல் இன்னொரு கோடு இழுப்பான். ஹைதராபாத் போகும், கடல் தாண்டிப் போகும், திரும்பி வரும்போது முனி பூப்போட்ட நைட்டியில், கையில் கண்ணாடி வளையலோடு, பல்லைக் கடித்துத் திட்டிக்கொண்டே மோர் ஊற்றும். அந்த நினைப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிறபோதே கண் நிறைந்தது.

பையன்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள், சிவந்த மூஞ்சிக்காரன் தலையில் துண்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போசியை எடுத்தாள். கனமே இல்லை. நாலு அடி நடந்தவள் நின்று, திரும்பி, வேலமரத்தைப் பார்த்தாள். இப்போது பயமில்லாமல் பார்க்க முடிந்தது. மூடியைத் திறந்து போசியைக் கவிழ்த்து, பொன்மதி சாப்பிட்டு முடித்த தட்டைக் காட்டுகிற மாதிரி, உயர்த்திக் காட்டினாள். ஒரு சொட்டு விழுந்து மண்ணில் காய்ந்தது. “பாருங்கப்பா, காலி” என்றாள்.